ஜிம்னிக்கு மாற்று ஷாக் அப்சார்பர்: சொகுசுதான் முக்கியம் என்றால் எதை வாங்குவது?

மாருதி சுசுகியின் சின்ன 4x4 வண்டியான ஜிம்னி மலை ஏறுவதைப் பற்றி யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. குறையெல்லாம் பின் சீட்டிலிருந்துதான் வருகிறது. ஊர் எல்லையில் வரிசையாகப் போட்டு வைத்திருக்கும் சின்ன மேடுகளில் தடதடவென்று அடிக்கிறது, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் தலை ஜன்னலில் போய் இடிக்கிறது, வால்பாறை போய் இறங்கினால் அம்மாவுக்கு இடுப்பு வலி. உடனே எல்லோரும் சொல்லும் தீர்வு ஒன்றுதான், "ஷாக்கை மாத்திடுங்க." சரி, மாற்றலாம். எதைப் போடுவது என்று கேட்டால்தான் குழப்பம் தொடங்குகிறது, ஏனென்றால் அவரவர் தான் வாங்கிப் போட்டதையே நல்லது என்கிறார்கள், வண்டியில் எவ்வளவு சுமை ஏற்றுகிறோம், எந்த மாதிரி ரோட்டில் ஓட்டுகிறோம் என்ற பேச்சே அதில் வருவதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொகுசுக்காக மட்டும் மாற்றுகிறீர்கள், ஸ்பிரிங் கம்பெனி ஸ்பிரிங்தான், பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான் போகிறீர்கள் என்றால், குறைந்த அழுத்தத்தில் கேஸ் நிரப்பிய ட்வின் ட்யூப் (குழாய்க்குள் குழாய்) ஷாக்தான் சரி. அதைவிட விலை கூடிய மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்), ரிசர்வாயர் (தனி எண்ணெய்க் குப்பி) வைத்த ஷாக் எல்லாம் வேறு வேலைக்குச் செய்தவை. அந்த வேலை உங்களுக்கு இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் இந்த வண்டியைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2023 ஜூனில் வந்த ஐந்து கதவு ஜிம்னியின் எடை சுமார் 1200 கிலோ, ஆளும் சாமானும் சேர்த்து அதிகபட்சம் 1545 கிலோ வரை போகலாம். முன்னாலும் பின்னாலும் ரிஜிட் ஆக்சில், நான்கு மூலையிலும் காயில் ஸ்பிரிங். அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் கனமான இரும்பு ஆக்சில் முழுசாக மேலும் கீழும் ஆடுகிறது, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் உடம்போ லேசானது. ஆக்சில் துள்ளும்போது அந்த லேசான உடம்பையும் சேர்த்து அசைத்துவிடும். இடது சக்கரம் கல்லில் ஏறினால் வலது சக்கரமும் சாயும். ஷாக்குகள் சக்கரத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் ஆக்சிலில் கொஞ்சம் உள்ளே தள்ளி மாட்டியிருப்பதால், வண்டி பக்கவாட்டில் ஆடும்போது அவை நகரும் தூரம் குறைவு, அதனால் அந்த ஆட்டத்தை அடக்கும் பலமும் குறைவு. தலை இடமும் வலமும் ஆடுவது அதனால்தான். எந்த ஷாக்கைப் போட்டாலும் இது முழுசாகப் போகாது, குறையும், அவ்வளவுதான். இந்த எதிர்பார்ப்போடு கடைக்குப் போனால் ஏமாற்றம் இருக்காது.

ஷாக்குக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் டயரைப் பாருங்கள். பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கும் பையன் எல்லாக் காருக்கும் பழக்கத்தில் 32, 35 என்று ஏற்றிவிடுவான், இந்த எடைக்கு அது அதிகம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் எவ்வளவு என்று போட்டிருக்கும், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவு வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதே மாதிரி, கம்பெனி டயரை எடுத்துவிட்டு லாரி ரகக் கனத்த பக்கச் சுவர் கொண்ட ஆல் டெரெய்ன் டயர் போட்டிருந்தால் குலுக்கலில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. சின்ன மேடுகளை விழுங்குவது முதலில் டயரின் வேலை, டயர் விழுங்காததுதான் ஷாக்குக்கு வருகிறது. அப்புறம் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள். ஆக்சிலை வண்டியோடு பிடித்து வைக்கும் ட்ரெய்லிங் ஆர்ம், பான்ஹார்ட் ராடு என்ற கம்பிகளின் புஷ் இரண்டும் வெடித்துத் தேய்ந்திருந்தால் புது ஷாக் போட்டாலும் டொக் டொக் சத்தம் நிற்காது.

இதெல்லாம் சரி, ஷாக்தான் போய்விட்டது என்று எப்படித் தெரியும்? பம்பரை அமுக்கி விட்டுப் பார்ப்பது எல்லா மெக்கானிக்கும் செய்வது, அதில் செத்துப்போன ஷாக்தான் மாட்டும், பாதி போனது மாட்டாது. ஷாக் உடம்பில் எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். லேசான ஈரப்பசை பரவாயில்லை, வழிந்தால்தான் பிரச்சினை. டயரின் மேல் உள்ளங்கையைத் தடவினால் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருப்பது, பிரேக் போட்டால் மூக்கு குப்பென்று இறங்குவது, ஒரு மேடு தாண்டிய பின்னும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடுவது, இவை நம்பக்கூடிய அடையாளங்கள்.

இனி ஷாக்குக்குள் நடப்பது. ஸ்பிரிங் அமுங்கி விரியும், அதன் துள்ளலை எண்ணெய்க்குள் ஓடும் பிஸ்டன் சூடாக மாற்றிக் கரைக்கிறது. சொகுசைத் தீர்மானிப்பது பிஸ்டன் எந்த வேகத்தில் நகரும்போது எவ்வளவு எதிர்ப்புத் தருகிறது என்பதுதான். வேகம் என்றால் வண்டி வேகம் இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாய்வது, பிரேக்கில் மூக்கு இறங்குவது எல்லாம் பிஸ்டனுக்கு மெதுவான வேலை. அதே வண்டி 30-இல் போய் ஒரு குழியின் விளிம்பில் இடித்தால் பிஸ்டன் பல மடங்கு வேகத்தில் ஓடும். மெதுவான அசைவில் கொஞ்சம் பிடிமானம், வேகமான அடியில் விட்டுக்கொடுப்பது, இந்த இரண்டும் சேர்ந்தால்தான் உட்கார்ந்திருப்பவருக்கு நிம்மதி. அப்புறம் ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப விரியும்போது தரும் எதிர்ப்பு. இது குறைவாக இருந்தால் வண்டி துள்ளும். அதிகமாக இருந்தாலோ, வரிசையாக மேடுகள் வரும்போது ஒரு மேட்டுக்கு அமுங்கிய சக்கரம் அடுத்த மேட்டுக்குள் முழுசாக இறங்கி வராது, ஷாக் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டே போய்க் கட்டை போல் ஆகிவிடும். "புது ஷாக் போட்ட பிறகு முன்பைவிட அடிக்கிறது" என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். லேசான வண்டியில் பாரத்துக்குச் செய்த ஷாக் போட்டிருப்பார்கள்.

இப்போது ஒப்பீட்டுக்கு வரலாம்.

முதல் வாய்ப்பு கம்பெனி ஷாக்கையே புதிதாக வாங்குவது. இதை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. 50,000, 60,000 கிலோமீட்டர் ஓடிய ஷாக்கையும் புதிய வெளிநாட்டு ஷாக்கையும் ஒப்பிட்டுவிட்டு, வெளிநாட்டு ஷாக் பிரமாதம் என்கிறார்கள். புதிய கம்பெனி ஷாக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பாதியாகிவிடும். கம்பெனி ஸ்பிரிங்குக்கு என்றே அளவெடுத்தது, வாரன்ட்டி சிக்கல் இல்லை, விலை குறைவு. நான்கு பேர் முழுச் சாமானோடு மலையிறங்கும்போது கொஞ்சம் அதிகமாக ஆடும், நீண்ட மோசமான பாதையில் சூடேறித் தளரும், குறை அவ்வளவுதான். மாதம் ஒரு முறை காட்டுப் பாதை, மற்ற நாள் ஊருக்குள் என்று ஓட்டுபவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, கேஸ் நிரப்பிய ட்வின் ட்யூப். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், உள்ளே பிஸ்டன், வெளியே மிச்ச எண்ணெயும் குறைந்த அழுத்த நைட்ரஜனும். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் விற்கும் ஓல்ட் மேன் ஈமு நைட்ரோசார்ஜர் ஸ்போர்ட் இந்த வகை, ஜப்பானின் கேஒய்பி எக்ஸெல் ஜியும் இந்த வகைதான். வால்வு இரண்டு இடத்தில் இருக்கிறது, பிஸ்டனில் ஒன்று, அடியில் ஒன்று. அமுங்கும்போது வேலையை இரண்டும் பகிர்ந்துகொள்வதால் அந்தப் பக்கத்தை மென்மையாக அமைக்க வடிவமைப்பவருக்கு இடம் கிடைக்கிறது. உள்ளே அழுத்தம் குறைவு என்பதால் பிஸ்டனைத் தாங்கும் தண்டைச் சுற்றியுள்ள சீல் இறுக்கமும் உராய்வும் குறைவு, சின்னச் சின்ன நடுக்கங்களுக்கு ஷாக் உடனே அசைந்து கொடுக்கும். சொகுசு என்று நாம் உணர்வதில் இந்தச் சின்ன அசைவுக்குப் பெரிய பங்கு உண்டு. காட்டுப் பாதைக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. கல் தெறித்து வெளிக்குழாய் நசுங்கினாலும் உள்குழாயில் பிஸ்டன் ஓடிக்கொண்டிருக்கும். குறை, சூடு. எண்ணெயைச் சுற்றி இன்னொரு குழாய் இருப்பதால் வெப்பம் சீக்கிரம் வெளியேறாது, தொடர்ந்து அடி வாங்கினால் எண்ணெயும் கேஸும் கலந்து மோர் கடைந்த மாதிரி நுரைத்துவிடும், நுரைத்த எண்ணெயில் பிஸ்டனுக்குப் பிடிமானம் கிடைக்காது.

மூன்றாவது மோனோட்யூப். ஒரே குழாய், அடியில் ஒரு மிதக்கும் பிஸ்டன், அதற்குக் கீழே 20 முதல் 30 பார் அழுத்தத்தில் நைட்ரஜன் (ஒரு பார் என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ). பில்ஸ்டீன் பி6 இதற்கு நல்ல உதாரணம். எண்ணெயும் கேஸும் சேரவே வழியில்லை, குழாய்ச் சுவர் நேராகக் காற்றில் படுவதால் சூடு உடனே இறங்கும், பிஸ்டனும் பெரியது. எத்தனை மணி நேரம் அடித்தாலும் குணம் மாறாது. பொறியியலாகப் பார்த்தால் இதுதான் மேலான ஷாக், சந்தேகமே இல்லை. ஆனால் சொகுசு என்று வரும்போது ஒரு கணக்குப் போட வேண்டும். தண்டின் தடிமன் 14 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், பரப்பு சுமார் 1.5 சதுர சென்டிமீட்டர். 25 பார் அழுத்தம் அந்தத் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், கிட்டத்தட்ட 38 கிலோ விசை, ஒவ்வொரு மூலையிலும். இரண்டரை டன் லேண்ட் குரூசருக்கு அது ஒன்றுமே இல்லை. 1200 கிலோ ஜிம்னிக்கு அது உணரக்கூடிய விசை. வண்டி சற்று உயரும், அந்த அழுத்தத்தைத் தாங்கும் சீல் இறுக்கமாக இருப்பதால் சின்ன நடுக்கங்கள் அப்படியே இருக்கைக்கு வரும். கூடவே, இந்த ஷாக்குகள் பலவற்றில் வால்வு மெதுவான அசைவிலேயே சட்டென்று எதிர்ப்பு ஏறி, அதற்கு மேல் தட்டையாகும்படி இருக்கும். நெடுஞ்சாலையில் 90-இல் வண்டி ஆணியடித்த மாதிரி நிற்கும், குழி விளிம்பு அடியும் மென்மையாகத்தான் தெரியும். ஆனால் எஸ்டேட் ரோட்டில் முதல் கியரில் கல் மேல் கல்லாக ஊர்ந்து போகும்போது பிஸ்டன் மெதுவாகத்தானே நகர்கிறது, அங்கே அந்த எதிர்ப்பு முழுசாக வந்து தலையை ஆட்டும். குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு ஈடாக, பிரித்து வால்வை மாற்றி நைட்ரஜன் ஏற்றித் தரக்கூடிய ஆள் பக்கத்தில் இருந்தால், பல மோனோட்யூப்களை நம் வண்டி எடைக்கு ஏற்ப மாற்றி அமைக்கலாம். அந்த வசதி இருப்பவர்களுக்கு என் பதிலே வேறு.

நான்காவது ஃபோம் செல். அயர்ன்மேன், டஃப் டாக் போன்ற ஆஸ்திரேலிய நிறுவனங்களிடம் இது பிரபலம். ட்வின் ட்யூப்தான், கேஸுக்குப் பதிலாக வெளிக்குழாயில் ஒரு ஃபோம் உறை. தண்டு உள்ளே வரும்போது அது அமுங்கி இடம் கொடுக்கும், எண்ணெயோடு கலக்க கேஸ் இல்லாததால் நுரைப்பதும் தள்ளிப்போகும். எண்ணெய் அதிகம் பிடிக்கும், உருவமும் பெரியது. கேஸ் தள்ளும் விசை இல்லாததால் ஊர்ந்து போகையில் நன்றாக நடந்துகொள்கிறது. பொதுவாகப் பாரம் ஏற்றிய வண்டிகளை மனதில் வைத்து அமைப்பதால் காலி ஜிம்னியில் சற்று மந்தமாக, கனமாகத் தெரியும். வின்ச், ஸ்டீல் பம்பர், கூரை மேல் டென்ட் என்று நிரந்தரமாகச் சுமப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

முறுக்கி மாற்றும் ஷாக்குகளும் உண்டு. ரான்சோ ஆர்எஸ்9000, டஃப் டாக்கின் ஒரு வரிசை, இரண்டிலும் திருகு குமிழில் 9 நிலைகள். கேட்க ஆசையாக இருக்கும். வார நாளில் தனியாக ஓட்டி, விடுமுறையில் நான்கு பேரும் சாமானுமாகப் போகிறவருக்கு உண்மையில் உபயோகமானது, பின் ஷாக்கை மட்டும் இரண்டு மூன்று படி ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு குமிழ் எல்லா வேகத்தையும் ஒன்றாகத்தான் கூட்டிக் குறைக்கும், மெதுவான அசைவை மட்டும் தனியாக இறுக்க முடியாது. மிகவும் இளகிய நிலையில் அது நல்ல ட்வின் ட்யூப் அளவுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி, வாங்கும் முன் அதே ஷாக் போட்ட இன்னொரு வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். கோனி ஹெவி ட்ராக்கில் ரீபவுண்டை மட்டும் மாற்றலாம், அதற்கு ஷாக்கைக் கழற்ற வேண்டும். ஒரு முறை சரியாக வைத்துவிட்டு மறந்துவிடுகிறவர்களுக்கு அது போதும்.

ரிசர்வாயர், எண்ணெய்க்குப் பக்கவழி வைத்த பைபாஸ் வகையறா, ஏஆர்பியின் பிபி-51 மாதிரி, மணிக்கணக்கில் வேகமாக அலை அலையான மண் ரோட்டில் அடிப்பவர்களுக்கு. ஸ்பிட்டியிலோ லடாக்கின் சாங்தாங் பக்கமோ அப்படிப்பட்ட ரோடு உண்டு. நம் ஊர் மலைப் பாதைகளில் 10, 15-க்கு மேல் போகவே முடியாது, ஷாக் அந்த அளவுக்குச் சூடாகாது. அந்தப் பணத்தில் நல்ல டயர் ஒரு செட் வாங்கிவிடலாம்.

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது, ஏனென்றால் கடைகளில் ஷாக் கேட்டாலே 40 அல்லது 50 மில்லிமீட்டர் ஸ்பிரிங்கும் சேர்த்துத்தான் தருகிறேன் என்பார்கள். உயரமான ஸ்பிரிங் பெரும்பாலும் விறைப்பான ஸ்பிரிங்கும்கூட. சொகுசு வேண்டும் என்று போய் விறைப்பான ஸ்பிரிங் வாங்கி வருவதில் அர்த்தமே இல்லை. உயர்த்தினால் முன் ஆக்சில் சுழன்று காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்ப உதவும் சாய்வு) குறையும், ஸ்டீயரிங் நேர்ரோட்டில் அலையும், அதற்குத் தனியாக புஷ் மாற்ற வேண்டும். பான்ஹார்ட் ராடு ஆக்சிலை ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் ஹோஸ் நீளம் பார்க்க வேண்டும். சட்டப் பக்கமும் இருக்கிறது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கம்பெனி நீளத்திலேயே ஷாக் வாங்கினால் இந்தத் தலைவலிகள் எதுவும் இல்லை. லிஃப்ட்டுக்கான நீள ஷாக்கைக் கம்பெனி ஸ்பிரிங்கோடு போடுவதும் ஆபத்து. சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறலாம், அமுங்கும்போது பம்ப் ஸ்டாப் (ஆக்சில் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர்) தொடும் முன்பே ஷாக் அடித்தட்டி உள்ளே உடையலாம். ஆகவே விரிந்த நீளம், அமுங்கிய நீளம் இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. பழைய கிட்டுகள் மூன்று கதவு ஜிம்னிக்குச் செய்தவை. நம்முடையதில் சக்கர இடைவெளி 2250-க்குப் பதில் 2590 மில்லிமீட்டர், எடையும் கூட. இதே ஐந்து கதவு வண்டி ஆஸ்திரேலியாவில் ஜிம்னி எக்ஸ்எல் என்ற பெயரில் விற்கிறது, அதற்கென்று குறிப்பிட்ட பாகமா என்று கேட்டு வாங்குவது நல்லது.

ஆக, காலியாக அல்லது குடும்பத்தோடு, கம்பெனி ஸ்பிரிங்கில் ஓடும் வண்டிக்கு ட்வின் ட்யூப் கேஸ், அதிலும் லேசான சுமைக்கு என்று பட்டியலில் போட்டிருப்பது. பணம் இழுபறி என்றால் புதிய கம்பெனி ஷாக், வெட்கப்பட ஒன்றுமில்லை. நிரந்தரச் சுமை இருந்தால் முதலில் அதற்கேற்ற ஸ்பிரிங், அப்புறம் ஃபோம் செல். வாரம் தோறும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் வேகமாக ஓட்டி, வண்டி ஆடுவதுதான் உங்கள் குறை என்றால் மோனோட்யூப், சின்ன நடுக்கம் கூடும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

மாட்டுவது ஜிம்னியில் எளிது. மஹிந்திரா தார் மாதிரி வண்டியில் முன்னால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இருக்கும், கம்ப்ரெஸர் வைத்து ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிக்க வேண்டும். இங்கே ஷாக் தனி, ஸ்பிரிங் தனி. இருந்தாலும் பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் கவனியுங்கள். ட்வின் ட்யூப் ஷாக்கை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுசாக அமுக்கி விரிக்க வேண்டும், படுக்க வைத்து வந்ததில் உள்குழாயில் புகுந்த கேஸ் வெளியேற அதுதான் வழி. அதைவிட முக்கியம், கண் போன்ற முனையில் இருக்கும் போல்ட்டை வண்டி ஜாக்கில் தொங்கும்போது கடைசி இறுக்கம் இறுக்கக் கூடாது. சக்கரங்களை இறக்கி வண்டி தன் எடையில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், வண்டி விறைப்பாகத் தெரியும், சில மாதத்தில் ரப்பர் கிழியும். அவசரத்தில் இருக்கும் கடைகளில் இதைச் செய்ய மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டியதுதான். ஒரே ஆக்சிலில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசு வேண்டாம். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு எல்லா நட்டையும் ஒரு முறை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.